தொலைத்தட்டு நீங்கிய முரசு

வாழ்க கொன்றையாறு! வாழ்க அதன் இருகரை மனைகளும் அம்மனைகளில் எரியும் விளக்குகளும்! வெண்ணாவல் நாட்டை இருபத்தோராண்டு குடைநிழலில் வைத்துக் காத்தருள்பவரும், கடற்கோட்டை மூன்றுக்கும் உரியவரும், குடிகளின் பெயரை மறவாதவர் என்று குடிகளாலேயே போற்றப்படுபவருமாகிய நெடுங்கதிர் வேள் பெருமானடிகள் திருமுன்பு, தலைநகராம் நாவலந்துறையிலிருந்து முரசு அமைச்சன் விறலன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் கடற்கரைப் பாசறையும், அங்குள்ள வீரரும், குதிரைகளும் நலம் பெறுக.

இவ்வோலையைக் கொணரும் தூதன் தங்கள் கூடார வாயிலில் நின்று கைப்பறையில் இருபத்து மூன்று தட்டுத் தட்டிய பின்னரே இதனைப் படித்தருள வேண்டும். விளையாட்டு என்று எண்ணற்க. காரணம் உள்ளே உண்டு. தட்டுவதற்கு முன்பே படிக்கத் தொடங்கியிருந்தால், இப்பொழுதேனும் ஓலையைக் கீழே வைத்துத் தட்டச் சொல்லுக. அடியேன் காத்திருக்கிறேன்.

நேற்றுக் காலை தங்கள் ஆணை வந்தது. வரும் பௌர்ணமி முதல் முரசின் முகத்தைத் துணியால் கட்ட வேண்டும் என்றும், பிற நாட்டுத் துயரம் எதுவும் இனி நம் குடிகள் செவியில் விழலாகாது என்றும் அருளியிருந்தீர்கள். குடிகள் படும் மனவேதனையைக் குறித்து அடியேன் சென்ற மாதம் எழுதிய ஓலையைப் படித்து, இரக்கத்தால் இட்ட ஆணை அது என்பதை அறிவேன். ஆயினும் அதனை மீட்டுக்கொள்ள வேண்டும் என்பதே என் விண்ணப்பம். பௌர்ணமிக்கு இன்னும் நான்கு நாள். விதைப்புக் காலம் முடிய ஒன்பது நாள். மழை பெய்து நிலம் பதமாகக் கிடக்கிறது. விதைக்கூடைகளோ இன்னும் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே கிடக்கின்றன. முரசை மூடினால் அவை வெளியே வாரா. விதைக்காமல் போனால், எங்கோ இருக்கிறது என்று நாம் கேட்டுக்கொண்டிருந்த பஞ்சத்தை நாமே அழைத்து வந்தவர்களாவோம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். தொடக்கமே என் குற்றம்தான், ஆகையால் சொல்ல நா கூசுகிறது.

மூன்றாண்டுக்கு முன்பு வரை எட்டு நாளைக்கு ஒருமுறை, சந்தை நாளில் மட்டுமே முரசறைந்து செய்தி சொல்லும் வழக்கம் இருந்தது. அடியேன் பதவி ஏற்றதும் துறைமுகத்தில் ஓட்டக்காரரை நிறுத்தினேன். கப்பல் கொணரும் செய்தியெல்லாம் அன்றன்றே ஊருக்குத் தெரிய வேண்டும் என்று நாளுக்கு ஐந்து வேளை முரசறையச் செய்தேன். மேற்கே தீவுகளைக் கடல் விழுங்குவதும், வடக்கே மூன்றாம் ஆண்டாக மழை பொய்த்ததும், கீழைத் துறைமுகத்தில் கொள்ளைநோய் பரவுவதும், தெற்கே இரு வேந்தர் போரிடுவதும் நம் குடிகளுக்கு உடனுக்குடன் தெரிந்தன. அறியாமையில் யாரையும் வைக்கலாகாது என்று மார்தட்டினேன். தாங்களும் பொற்கடகம் அளித்துப் பாராட்டினீர்கள். அந்தக் கடகம் இப்பொழுது என் கையில் இல்லை, அணியப் பிடிக்கவில்லை.

அத்தோடு நிற்காமல் மற்றொன்றும் செய்தேன். செய்திக்கு முன்பாகத் தொலைத்தட்டு என்று ஒன்று தட்டுவார்கள். செய்தி நிகழ்ந்த இடம் எத்தனை காதத் தொலைவோ அத்தனை தட்டு. மேற்குத் தீவு என்றால் இருநூற்று நாற்பது தட்டு. அடியேனோ அவசரக்காரன். உலைமூடியைத் திறந்து திறந்து பார்த்தே சோற்றை வேகவிடாதவன் என்று என் மனைவி சொல்வாள். ஐந்து வேளையும் இப்படித் தட்டிக்கொண்டிருந்தால் செய்தியை எப்பொழுது சொல்வது என்று தொலைத்தட்டை அடியோடு நிறுத்தினேன். முரசறைவோர் தலைவன் கொற்றன் அன்றே ஏதோ சொல்ல வாயெடுத்தான். சுருக்கமாகச் சொல் என்றேன். அவன் ஒன்றுமில்லை என்று வணங்கிப் போய்விட்டான்.

அதன் பின் ஊர் மாறிய விதத்தை முந்தைய ஓலையில் எண்ணிக்கையாக எழுதினேன். இப்பொழுது முகங்களாக எழுதுகிறேன்.

குயவர் தெருவில் பூவந்தி என்றொரு சிறுமி, வயது ஏழு. எங்கு சென்றாலும் தோளில் ஒரு மூட்டை. அதற்குள் ஒரு சீப்பு, இரு கை அவல், ஒரு பூனைக்குட்டி. பூனைக்கு நீந்தத் தெரியாது, ஆதலால் தானே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பது அவள் கருத்து. பிள்ளைகளின் துயரம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: வயிறு வலிக்கிறது என்பார்கள், தாயின் முந்தானையை விடமாட்டார்கள், கேட்டால் சொல்லத் தெரியாது. இளையோர் வேறு விதம். ஆவணித் திருமணம் பதினெட்டில் பதினொன்று நின்றுவிட்டது. தேர்த்தச்சன் மகன் மாறாடன், பத்தொன்பது வயதினன், கைத்தொழிலை விட்டுவிட்டு நாள் முழுவதும் முரசடியிலேயே நிற்கிறான். ஒரு செய்தியையும் தவறவிடுவதில்லை. கேட்டுக் கேட்டுப் பிறரைக் கடிந்துகொள்கிறான், பின்பு வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான். நடுவயதினர் அழுவதில்லை. தானியத்தைப் பதுக்குகிறார்கள், பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார்கள், உண்ண அமர்ந்து பாதியில் எழுந்துவிடுகிறார்கள். முதியோர் பலர் தாங்கள் காணாத வெள்ளமா என்று திடமாகவே இருக்கிறார்கள். ஆனால் ஓடக்காரர் சாத்தையன் மருந்து உண்பதை நிறுத்திவிட்டார். மூலிகை அரிதாகிவரும் காலத்தில், இனி இருக்கப்போகிறவர்களுக்கு அது மிஞ்சட்டும் என்று மருத்துவரிடம் அமைதியாகச் சொன்னாராம். அந்த அமைதிதான் என்னை அச்சுறுத்தியது.

என் மகள் சேந்திக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, எவ்வுலகத்துக்குப் பிள்ளையை அழைக்கிறேன் என்று தனக்குத் தெரியவில்லை என்றாள். ஊருக்கெல்லாம் செய்தி சொல்லும் நான் முற்றத்துக்கும் வாயிலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

ஐந்து நாளைக்கு முன்பு நண்பகல் அறிவிப்பின்போது அடியேனும் சதுக்கத்தில் நின்றிருந்தேன். மற்றொரு தீவு மூழ்கிய செய்தி. அறைந்து முடித்ததும் பூவந்தி மூட்டையோடு கொற்றனிடம் வந்தாள். அவள் கேட்டதைச் செந்தமிழாக்கினால் பொருள் கெடும்; தெருப்பேச்சை அரச ஓலையில் எழுதும் குற்றத்தைப் பொறுத்தருள்க. அவள் கேட்டது இது: “தட்டே இல்லையே மாமா, அப்போ கடலு இப்ப எந்தத் தெருவுல நிக்குது?”

கொற்றன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பொருள் என்ன என்று அவனைக் கேட்டேன். இம்முறை சுருக்கமாகச் சொல் என்று சொல்லவில்லை. தொலைத்தட்டு இல்லாமல் முரசறைவதற்கு இந்நாட்டுக் குடிகளிடையே ஒரே பொருள்தான் உண்டு என்றும், ஊருக்குள் தீப்பற்றினாலோ, ஆற்றங்கரை உடைந்தாலோ, பகைவர் வாயிலைத் தொட்டாலோ மட்டுமே அப்படி அறைவர் என்றும், தட்டில்லை என்றால் வந்துவிட்டது, ஓடு என்று பொருள் என்றும் அவன் கூறினான்.

பெருமானே, அடியேன் கோட்டைக்குள் வளர்ந்தவன். எங்களுக்குச் செய்தி ஓலையில் வரும். தொலைவு ஓரத்தில் எழுதியிருக்கும். இது எனக்குத் தெரியாது. தட்டு நின்றது அமைச்சன் ஆணையால் என்பது குடிகளின் அறிவுக்குத் தெரியும், உடலுக்குத் தெரியவில்லை. மூன்றாண்டாக, நாளுக்கு ஐந்து வேளை, உலகின் ஒவ்வொரு துயரத்தையும் அவரவர் வாசற்படியில் கொண்டுபோய் நிறுத்தி, ஓடு என்று சொல்லிவிட்டு நான் உணவுண்ணப் போயிருக்கிறேன். வெட்கத்தால் அன்று முழுவதும் யாரையும் பார்க்கவில்லை.

அவ்வாறாயின் முரசையே மூடிவிட்டால் என்ன என்று தாங்கள் வினவலாம். அதையும் அறியாமலே ஒருமுறை செய்து பார்த்துவிட்டோம். ஆனி மாத மழையில் முரசின் தோல் கிழிந்து மூன்று நாள் ஒலிக்கவில்லை. முதல் நாள் ஊர் மூச்சுவிட்டது. இரண்டாம் நாள், சொல்ல முடியாத அளவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று பேச்சு எழுந்தது. மூன்றாம் நாள் குயவர் தெருவில் பாதிப் பேர் சட்டி பானையோடு மலைமேல் ஏறிவிட்டார்கள். மௌனத்துக்கும் தட்டில்லை, பெருமானே. அதையும் அவர்கள் வாசலில் நிற்பதாகவே கேட்கிறார்கள்.

ஆகவே மூன்று நாளைக்கு முன்பு, தங்கள் ஆணை வருமுன்னர், காலைச் சந்தையில் கொற்றனைத் தொலைத்தட்டுத் தட்டச் சொன்னேன். அதே மேற்குத் தீவுச் செய்தி. முதல் முப்பது தட்டுக்குக் கூட்டம் கலங்கி நின்றது. அறுபதில் ஒருவன், விரைந்து சொல்லித் தொலையுமாறு கத்தினான். மூன்றாண்டுக்கு முந்தைய என்னையே கண்டேன். நூறில் பிள்ளைகள் உரக்க எண்ணத் தொடங்கினார்கள். நூற்றைம்பதில் பெண்கள் கூடைகளை இறக்கிவைத்து உட்கார்ந்தார்கள். இருநூறுக்குப் பின் பூவந்தி தோள் நோவுகிறது என்று மூட்டையைத் தரையில் வைத்தாள். பூனைக்குட்டி வெளியேறி மீன்கடைப் பக்கம் ஓடியது. அவள் எண்ணுவதை விட்டு அதன்பின் ஓடினாள். மூட்டை அங்கேயே கிடந்தது. நான் அழுதேன், மறைக்கவில்லை.

இருநூற்று நாற்பதாம் தட்டுக்குப் பின் செய்தி சொல்லப்பட்டது. யாரும் ஓடவில்லை. பின்பு ஓர் உழவர்மகள் எழுந்து, தப்பியவர்கள் இப்பொழுது எதை உண்கிறார்கள் என்று கேட்டாள். மூன்றாண்டில் இதை யாரும் கேட்டதில்லை. எப்பொழுது இங்கு வரும் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அன்று மாலைக்குள் அவல் மூட்டைகள் துறைமுகத்தில் குவிந்தன. மறுநாள் கீழைத்தெருவில் ஏழு வீட்டு விதைக்கூடைகள் வயலுக்குப் போயின. அன்றே மருதங்குளத்துக் கரையில் கசிவு என்று ஒரு தட்டுச் செய்தி வந்தது. ஒரே ஒரு தட்டு! கேட்ட மாத்திரத்தில் மண்வெட்டியோடு நூறு பேர் ஓடிக் கரையை அடைத்துவிட்டார்கள். அருகில் உள்ளதற்கு அஞ்சி ஓடவும் அவர்களுக்குத் தெம்பு மிஞ்சியிருந்தது.

எல்லாம் நேராகிவிட்டது என்று எழுதினால் அது பொய். சாத்தையன் ஒருநாள் மருந்து உண்டார், மறுநாள் உண்ணவில்லை. மாறாடன் என்னை நிறுத்தி, தன் தந்தை காலத்தில் கடல் கொண்ட தீவுகளுக்கு இருநூற்று அறுபது தட்டு இருந்ததாகவும், இப்பொழுது இருநூற்று நாற்பது ஆகிவிட்டதாகவும், ஆண்டுக்கு ஆண்டு தட்டுக் குறைவதைக் கேட்டுக்கொண்டு எவ்வாறு அமைதியாக இருப்பது என்றும் கேட்டான். கணக்குச் சரிதான். குறையும் தட்டைக் கூட்டித் தட்ட மாட்டோம் என்று மட்டும் வாக்களித்தேன். அதைக் கேட்டவன், தீவுக்கு அவல் ஏற்றிப்போகும் கலத்தின் அடிப்பலகை உளுத்திருப்பதாகச் சொல்லி மரம் கேட்டான். கொடுத்தேன். நேற்றிலிருந்து துறைமுகத்தில் அவன் உளியோசை கேட்கிறது. எனக்கும் நெஞ்சு படபடப்பது நிற்கவில்லை. இதை எழுதும்போதே மூன்று முறை எழுந்து போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆனால் படபடக்கும் நெஞ்சோடு விதைக்க முடிகிறது என்பதைக் கண்டுகொண்டோம்.

ஆதலால் விண்ணப்பமும், அதற்குத் துணையாக அடியேன் துணிந்து இட்ட கட்டளையும் இவை. சந்தை நாளில் மட்டும் முரசறைக. தொலைத்தட்டு ஒன்றும் குறையாமல் தட்டுக. செய்திக்குப் பின், நம் கையால் ஆகக்கூடியது ஒன்று உண்டாயின் அதைச் சொல்லுக. இல்லையாயின் இல்லை என்றே சொல்லுக. பௌர்ணமிக்குள் தங்கள் மறுமொழி வாராவிடினும் முரசைக் கட்டேன். இது அரச ஆணையை மீறுதல் என்பதை அறிந்தே செய்கிறேன். கொற்றன் மீதோ அவன் ஆட்கள் மீதோ குற்றமில்லை. பதவிக்குரிய கணையாழியைப் பொற்கடகத்தோடு இவ்வோலையில் கட்டி அனுப்புகிறேன்.

என்னைப் பாசறைக்கு அழைத்துத் தண்டிப்பதாயின் தடையின்றி வருவேன். ஒன்று மட்டும் அருள வேண்டும். அச்செய்தியை நாவலந்துறையில் அறையும்போது இருபத்து மூன்று தட்டையும் தட்டச் சொல்லுக. சேந்தி நேற்று வளையல்காரரை வரச்சொல்லியிருக்கிறாள், ஏழாம் மாதம், தட்டில்லாமல் கேட்டால் வாசலுக்கு ஓடி வருவாள்.

கொன்றையாறு வற்றாதிருக்க, தங்கள் கோல் வளையாதிருக்க, இவ்வோலை சென்றடையும் வழியெங்கும் மழை பெய்க. நாவல் இலை இலச்சினை இட்டு, ஆடித் திங்கள் வளர்பிறைப் பதினொன்றாம் நாள், தன் கைப்பட எழுதியவன், தங்கள் முரசு அமைச்சன் விறலன். இடம் நாவலந்துறை. தொலைவு இருபத்து மூன்று தட்டு.