இரட்டைக் கோபுரத்தடியில் நீ

துவாரகா, புது தில்லி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஜ்யோத்ஸ்னாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம், நீயும் அங்கே உடம்பளவிலாவது சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறாள், நான் பக்கத்தில் நிற்கிறேன். கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷர் எதற்குக் காகிதத்தில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறார் என்று நினைப்பாய். போனில் கேட்டால் நீ எல்லாம் ஃபைன் அப்பா என்பாய், நானும் அச்சா என்று வைத்துவிடுவேன், ஒரு மாதமாக அதுதான் நடக்கிறது. லோதி ரோடு பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் எழுத்துக்கூட்டும் அளவுக்காவது உனக்கு மிச்சம் இருக்கும், மெதுவாகப் படி, நடுவில் நிறுத்திவிடாதே.

இங்கே தீபாவளி முடிந்ததிலிருந்து ஒரே புகை, எதிர் பிளாக் கண்ணுக்குத் தெரிவதில்லை, காலை நடையை நிறுத்திவிட்டு ஹாலிலேயே சுற்றி வருகிறேன், அம்மா சோபாவில் உட்கார்ந்து என் பாதையில் காலை நீட்டிக்கொண்டு சண்டை போடுகிறாள். நம் பக்கத்து லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டது, சொசைட்டி மீட்டிங்கில் எல்லோரும் கத்திவிட்டுக் கலைந்தார்கள். சுப்பு மாமாவின் மகன் அர்விந்துக்குக் குர்காவ் கம்பெனியில் வேலை போன சமாச்சாரம் உனக்குத் தெரியும். போன அன்று சாயங்காலமே நேராக வீட்டுக்கு வந்து தன் அப்பாவிடம் சொன்னானாம், மறுநாள் நாங்கள் எல்லோரும் போய் அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தோம், அவன் கொஞ்ச நாள் வீட்டில் இருந்துவிட்டு இப்போது நொய்டாவில் சேர்ந்திருக்கிறான். இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்று உனக்குப் புரிய ஆரம்பித்திருக்கும்.

நாங்கள் கோலாலம்பூரில் உன்னிடம் வந்து தங்கியபோது ஒரு நாள் முழுக்க ஊர் சுற்றிப் பார்க்க எங்களை வேனில் ஏற்றி அனுப்பினாயே, அந்த நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும். அன்று காலை நீ இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஆஃபீஸ் கார்டு மாட்டுகிற அந்த நீல நாடா, அதன் நுனியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கீழே வந்து எங்களை வழியனுப்பினாய். ஆஃபீஸில் ஆடிட், லீவு கேட்கவே முடியாது அப்பா, நீங்கள் ஜாலியாகப் போய்வாருங்கள் என்றாய். வேன் ஓட்டி வந்தவர் அந்தோணி, அந்த ஊரிலேயே பிறந்த தமிழர், ஏறினவுடன் பசியாறிட்டீங்களா ஐயா என்று கேட்டார், காலை டிபனைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று புரிய அம்மாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எங்களிடம் தமிழ், போலீஸ்காரரிடம் மலாய், பெட்ரோல் போடுகிற இடத்தில் சீனம், பின் சீட்டு ஆஸ்திரேலியத் தம்பதியிடம் இங்கிலீஷ் என்று மனிதர் மூச்சு விடாமல் மாறிக்கொண்டே வந்தார்.

பத்துமலையில் அம்மா தன் முழங்காலை மறந்து அந்த வர்ணம் அடித்த படிகளில் பாதிக்கு மேல் ஏறிவிட்டாள். மேலே போய் முருகனைப் பார்க்க முடியவில்லை என்று படியிலேயே நின்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள், என்ன வேண்டினாய் என்று கேட்டதற்கு வேற யாருக்கு வேண்டிக்கப் போறேன் என்றாள். அரண்மனை வாசலில் குதிரைக்காரனோடு போட்டோ. பெரிய மசூதியில் எல்லோருக்கும் ஊதா நிறத்தில் ஒரு அங்கி கொடுத்தார்கள், அதைப் போட்டுக்கொண்டு அம்மா கண்ணாடிக் கதவில் தன்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், உள்ளே அவ்வளவு அமைதி, சரோஜினி நகர் மார்க்கெட் பக்கத்தில் முப்பது வருஷம் குடியிருந்த எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது. சீனக் கோவிலில் சிவப்பு விளக்குகளைக் கூரை முழுக்கத் தொங்கவிட்டிருந்தார்கள். மத்தியானம் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு, ரசம் நன்றாக இருந்தது, ஜ்யோத்ஸ்னாவுக்கு ஒரு டப்பா வாங்கிக்கலாமா என்று அம்மா கேட்டாள், ஆஃபீஸ் எங்கோ ஊருக்கு அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது, முன் ஞாயிறு ரயிலில் போகும்போது அந்தக் கண்ணாடிக் கட்டிடம்தான் அம்மா என்று விரலை நீட்டிக் காட்டினாயே, அவ்வளவு தூரம் யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று நான்தான் தடுத்தேன்.

சாப்பிட்ட பிறகு இரட்டைக் கோபுரத்துக்கு வந்தோம். உச்சி வரைக்கும் படத்தில் விழவேண்டும் என்று அந்தோணி தரையில் படுத்துக்கொண்டு எல்லோரையும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு வெயில் தாங்கவில்லை, நிழலுக்காகப் பின்னால் இருக்கிற பூங்காவுக்குள் நடந்தேன், குழந்தைகள் தண்ணீரில் ஆடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தாய். முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, எங்களை ஆச்சரியப்படுத்த வந்திருக்கிறாய் என்று நினைத்துக் கூப்பிட வாயெடுத்தேன். அப்புறம்தான் பார்த்தேன், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாய், மடியில் பிளாஸ்டிக் பை, அதிலிருந்து ஒரு பன்னைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாய். நாடா சட்டைப் பைக்கு வெளியே தொங்கியது. அதன் நுனியில் ஆஃபீஸ் கார்டு இல்லை ஜ்யோத்ஸ்னா, வெறும் கொக்கிதான் இருந்தது.

நான் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு உனக்குப் போன் செய்தேன். செய்திருக்கக் கூடாதோ என்று இப்போதும் தெரியவில்லை, அந்த நிமிஷம் வேறு எதுவும் தோன்றவில்லை. நீ போனைப் பார்த்தாய், வாயைத் துடைத்துக்கொண்டாய், காலைக் கீழே போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாய், முகத்தில் சிரிப்பைக் கொண்டுவந்தாய், யாருக்குக் காட்ட அந்தச் சிரிப்பு, எதிரில் யாருமே இல்லையே. அரே அப்பா, மீட்டிங்ல இருக்கேன், ஜல்தி சொல்லுங்கோ, டூர் எப்படிப் போறது என்று கேட்டாய். பின்னால் குழந்தைகள் தண்ணீரில் கத்துவது எனக்கு ஒரு காதில் போனிலும் மறு காதில் நேராகவும் கேட்டது. நன்னாப் போறதும்மா, நீ வேலையைப் பாரு என்று சொன்னேன். போனை வைத்தபிறகு நீ அந்தப் பன்னை மறுபடி எடுக்கவில்லை, முட்டியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாய். நான் அங்கிருந்து வந்துவிட்டேன். ஏன் உன்னிடம் வரவில்லை என்று கேட்டால், வந்திருந்தால் உன் முகத்தை நீ எங்கே வைத்துக்கொள்வாய் என்று தோன்றியது, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

திரும்பும்போது முன் சீட்டில் உட்கார்ந்து அந்தோணியிடம் பேச்சுக் கொடுத்தேன், எங்கள் சிநேகிதர் பெண் ஒருத்தி இந்த ஊரில் இருக்கிறாள், வேலை போய்விட்டால் இங்கே என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் சொன்னார், வேலை போச்சுன்னா இங்க தங்கறதுக்குக் குடுத்த பாஸும் போச்சு ஐயா, கொஞ்ச நாள் டைம் இருக்கும், அதுக்குள்ள வேற வேலை தேடிக்கணும், இல்லாட்டி ஊருக்குத் திரும்பிடணும் லா. நேராப் போயிக் கேக்கறவங்களுக்கு ஏதாச்சும் வழி இருக்கும், நாள் தாண்டி ஒளிஞ்சிக்கிட்டு இருக்கறவங்கதான் மாட்டிக்குவாங்க, புடிச்சு உள்ள போட்டுடுவாங்க என்றார். அப்புறம் பக்கவாட்டில் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வேறு எதுவும் கேட்காமல், அந்தப் பொண்ணுக்கு வேணும்னா என் தங்கச்சி மகன் இந்த வேலையாத்தான் ஒரு வக்கீல் ஆஃபீஸ்ல இருக்கான், கூப்பிடச் சொல்லுங்க என்று தன் கார்டைக் கொடுத்தார். அதைத்தான் இந்தக் காகிதத்தோடு பின் குத்தியிருக்கிறேன். இறங்கும்போது அம்மா அவரிடம் நன்னா இருங்கோ என்றாள், வழியெல்லாம் அவள் பேசவே இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் நீ வழக்கமான நேரத்துக்கு வந்தாய், களைத்துப் போயிருந்தாய், மேனேஜர் இன்னைக்கு எல்லாரையும் டாண்ட்டிட்டார், ஒரே திட்டு என்று சிரித்துக்கொண்டே சொன்னாய், நான் போட்டோ காட்டினேன், அம்மா தோசை வார்த்தாள். அதற்கு மேலும் நாங்கள் உன் வீட்டில் இருந்தோம், தினமும் காலையில் நீ அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கோபமும் வந்தது, மறைக்க மாட்டேன், பெற்றவர்களிடம் சொல்ல முடியாத அளவுக்கு அப்படி என்ன என்று. அம்மாவுக்குத் தெரிந்தால் ரத்த அழுத்தம் ஏறிவிடும் என்று வாயைத் திறக்கவில்லை. தில்லிக்கு வந்தும் சொல்லவில்லை. நீ ஞாயிறு போனில் புது டீம் லீடர் வந்திருக்கிறார், பெங்காலி, நல்லவர் என்று சொன்னபோதுகூட, அப்படி ஒரு ஆளை நீ உட்கார்ந்து யோசித்து உண்டாக்கியிருப்பாயே என்று நினைத்துக்கொண்டு அச்சா என்றேன்.

போன வியாழக்கிழமை எதிர் ஃபிளாட் அம்பிகா மாமி வந்திருந்தார், சிங்கப்பூரில் இருக்கும் தன் தம்பி பையனுக்கு உன் ஜாதகம் கேட்டு. பொண்ணுக்கு உத்தியோகம் எப்படி என்று கேட்டார். நான் பெரிய ஆடிட் எல்லாம் அவள்தான் பார்க்கிறாள், ப்ரமோஷன் வரப்போகிறது என்று கூசாமல் அளந்தேன். அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். மாமி போனதும் உள்ளே போனேன், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். என்ன வத்சலா என்று கேட்டேன். ஏன்னா, நீங்க அன்னிக்கு மரத்துக்குப் பின்னால நின்னேளே, நான் உங்களுக்குப் பின்னால நின்னேன் என்றாள். நான் திரும்பி வரக் காணோமே என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறாள், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எனக்கு முன்னால் ஓடிப்போய் அந்தோணியிடம் இன்னும் ஒரு போட்டோ எடுங்கோ என்று நின்றிருக்கிறாள். உங்க ஹார்ட்டுக்கு ஆகாதுன்னு சொல்லலை என்றாள். இரண்டு பேரும் அடுப்படியில் தரையில் உட்கார்ந்துகொண்டோம், வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. ஒரே குடும்பத்தில் மூன்று பேர் ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று ஊமையாகிவிட்டோம், இதை யாராவது நிறுத்த வேண்டுமே என்றுதான் இந்தக் கடிதம்.

வேலை எப்படிப் போயிற்று, எப்போது போயிற்று, யார் மேல் தப்பு, இதெல்லாம் எங்களுக்கு வேண்டாம், உனக்குத் தோன்றும்போது சொல், சொல்லாவிட்டாலும் சரி. அம்பிகா மாமியிடம் நான் சொன்ன பொய்யை நானே போய்த் திருத்திவிட்டேன், இப்போதைக்கு வேலை இல்லை என்றேன், மாமி காபியை ஆற்றிக்கொண்டே யாருக்குத்தான் இந்தக் கஷ்டம் வரலை இந்தக் காலத்துல என்றார், அவ்வளவுதான் நடந்தது. எனக்கு இருக்கிற பயம் ஒன்றே ஒன்று, அந்தோணி சொன்ன அந்த அனுமதிப் பாஸ். அந்நிய ஊரில் போலீஸைக் கண்டால் நீ ஒதுங்கிப் போகிற நிலை வரக்கூடாது. அங்கேயே இருந்து வேறு வேலை தேட உனக்கு ஆசையும் நாளும் இருந்தால் தேடு, நாங்கள் கூட இருக்கிறோம். இல்லாவிட்டால் கிளம்பி வா, ஜெயித்துவிட்டுத்தான் வரவேண்டும் என்று இந்த வீட்டில் யாரும் சட்டம் போடவில்லை. எது செய்தாலும் நாளையிலிருந்து அந்த நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே போகாதே. வெயிலில் பெஞ்சில் பொழுதைக் கழிக்காதே, வீட்டிலேயே இரு, தூங்கு.

எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் உனக்குப் பூரணமாக உண்டு. உனக்கு நல்லதே நடக்கும், உடம்பும் மனசும் தேறி நீண்ட நாள் இருப்பாய். இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் முதல் வேலையாகப் பாஸ்போர்ட்டை எடுத்து அந்த அனுமதியின் தேதியைப் பார், பார்த்துவிட்டு அந்தோணிக்குப் போன் செய், அப்புறம் எங்களுக்கு. அழுகை வந்தால் அழுதுகொண்டே பேசு, நான் வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜெயகிருஷ்ணன்

கண்ணா, அப்பா எல்லாத்தையும் எழுதிட்டார், எனக்கு எடமே வைக்கலை. இனிமே நான் சாப்டியாடின்னு கேட்டா சாப்டேன்னு மட்டும் சொல்லாதே. என்ன சாப்டேன்னு சொல்லு.
அம்மா