தோளுக்குப் புளியங்கொட்டை

மச்சான்,

காலையில் மைக்ரோவேவ் ஓவனைத் திறந்ததும் வறுத்த புளியங்கொட்டை வாசம் வீடெல்லாம் பரவியது. உன் பைதான். இப்போது என் வலது தோளில் கிடக்கிறது. உன்னைப் பாடாய்ப் படுத்திய அதே இறுக்கம் எனக்கும் வந்துவிட்டது. கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். சிரித்துத் தொலைத்திருக்கலாம், இருந்திருக்கலாம்.

சுரங்கத்தில் கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் ரோலர் மாற்றி மாற்றித்தான் உனக்கு அந்த வலி வந்தது. சூடு வைக்கச் சொன்னார் டாக்டர், சூடு இருக்கும்போதே கையை மெல்லத் தூக்கிப் பழகச் சொன்னார். நீ அவரிடம் கேட்டது ஒன்றுதான். "பூசத்துக்குள்ள கரண்டி புடிச்சிடுவனா சார்?" தைப்பூசத்தன்று வடலூரில் நம் ஷிஃப்ட் ஆட்கள் போடும் அன்னதானப் பந்தலில் சோறு அள்ளிப் போடுவது எப்போதும் நீதான். அந்தக் கரண்டியை வேறு யாரும் தொட்டுவிட முடியாது. பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார் டாக்டர். புரமோஷன் கைநழுவிய அன்றுகூட நீ அப்படி முகம் சுருங்கி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

வெந்நீர்ப் பை தோளில் நிற்காமல் வழுக்கியது. துணிப்பையில் அரிசியை நிரப்பி ஓவனில் சூடாக்கித் தோளில் போடலாம் என்று போனில் பார்த்தேன். என் அப்பா தையல்காரர், எனக்கும் மிஷின் ஓட்ட வரும். பழைய பருத்தி வேட்டியில் நீளமாக ஒரு பை தைத்து, புழுங்கலரிசியை நிரப்பி, பெருமையாக உன் குவார்ட்டர்ஸுக்கு எடுத்து வந்தேன். நீ பையைத் தடவிப் பார்த்தாய்.

"உள்ள என்னா?"

"அரிசி."

"அப்புறமா ஆக்கித் திங்கலாமா இத?"

"திரும்பத் திரும்பச் சூடு பண்ணினது எதுக்குய்யா ஆகும்? தூக்கிப் போட வேண்டியதுதான்."

பையை என் மடியில் வைத்துவிட்டாய். "எங்கம்மா நாளெல்லாம் நாத்து நட்டுட்டு, கூலியா இதத்தான் மடியில கட்டிக்கினு வூட்டுக்கு வரும். எனக்கு வேணாம் மாப்ள."

எனக்குக் கோபம் வந்தது. வலியில் துடிக்கிறவனுக்கு என்ன வீம்பு வேண்டிக்கிடக்கிறது? கொள்ளு போடலாமா, அது மாட்டுத் தீனிதானே என்றேன். "மாடு மட்டும் மண்ணயா திங்குது?" என்றாய். ஆக, தின்கிற சாமான் எதுவும் கூடாது. சட்டம் போட்டவன் நீ, அலைந்தவன் நான்.

காய்ந்த மணலை நிரப்பினேன், ஓவனுக்குள் அதற்குச் சூடே ஏறவில்லை. கல்லுப்பு ஈரத்தை இழுத்துக் கட்டியாகி எலும்பில் குத்தியது. உமி எடுத்து வைப்பதற்குள் ஆறிப்போனது. "நிலக்கரி ஒண்ணுதான் பாக்கி, அதயும் ரொப்பிக்கினு வா" என்று கிண்டல் வேறு. அதைக் கேட்ட என் மனைவி, நிஜமாகவே செய்துவிடுவேனோ என்று ஓவன் பக்கத்திலேயே காவல் நின்றாள்.

வழி சொன்னதும் அவள்தான். "வருஷா வருஷம் புளிக்குக் கொட்டை எடுத்துக் குப்பையிலதானே கொட்டறேன். அதைப் போட்டுப் பாருங்களேன்." நான் அவசரக் குடுக்கை, கழுவாமல் அப்படியே நிரப்பிவிட்டேன். ஒட்டியிருந்த புளி தீய்ந்து ஓவன் நாறியது. அதன் பிறகு ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, மாடியில் நன்றாகக் காயவைத்து, தோளில் வளைகிற அளவுக்குத் தளர்வாக நிரப்பினேன். கொஞ்ச நேரம் வைத்து, எடுத்துக் குலுக்கி, மறுபடி கொஞ்ச நேரம். பதமான சூடு வந்தது.

உன்னை எங்கள் வீட்டுக்கு வரவழைத்துத் தோளில் போட்டேன். கண்ணை மூடினாய்.

"இதுவும் வேணாம்னு சொன்னே, நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்றேன்.

"இதயும் தின்னுருக்கோம் மாப்ள."

கண்ணைத் திறக்காமலே சொன்னாய். "அடமழையில வேல இருக்காது. எங்கம்மா இத வறுத்து, தோல எடுத்து, ஊற வெச்சி, உப்பு போட்டு அவிச்சிக் குடுக்கும். இதே வாசனதான்."

எத்தனை வருடம் ஒரே ஷிஃப்டில் டிபன் பாக்ஸ் மாற்றித் தின்றிருக்கிறோம், ஒரு வார்த்தை சொன்னாயா? பையை எடுக்கக் கை நீட்டினேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

"இருக்கட்டும். இத சோறுன்னு யாரும் தின்னல. சோறு இல்லன்னு தின்னது. எடுக்காத, எதமா இருக்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓவனைத் துடைக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அந்தப் பூசத்துக்கு நீ கரண்டி பிடித்தாய். வேண்டாம் என்று இலையை மறைத்தவர்களுக்கும் கையை விலக்கச் சொல்லி இன்னொரு கரண்டி போட்டாய். "போதும்னு வாய்தான் மாப்ள சொல்லும்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாய். ஐப்பசி மழை தொடங்கியபோது நெஞ்சுவலி என்று உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நீ திரும்பி வரவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று தங்கச்சி இந்தப் பையைக் கொண்டுவந்து, "அண்ணே, இத நீங்க வெச்சிக்குங்க. அவரு தோள்லயே கெடந்தது" என்றது. வாங்கி அலமாரியில் வைத்தேன். எனக்கே தேவைப்படும் என்று அப்போது நினைக்கவில்லை.

இன்று பூசம். கரண்டியை யார் பிடிப்பது என்று பந்தலில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானே போய் எடுத்தேன். சர்ச்சுக்குப் போகிறவன் நான். அதை யாரும் கேட்கவில்லை. நான் என் தோளைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. காலையில் நன்றாகச் சூடு வைத்துத்தான் போயிருந்தேன். முதல் கரண்டி தூக்கியபோது உயிர் போனது. அப்புறம் பழகிவிட்டது.

வரிசையின் கடைசியில் ஒருவர், சேறு காயாத காலோடு வந்து உட்கார்ந்தார். ஒரு கரண்டி விழுந்ததும் இலைக்கு மேல் கையை நீட்டி, "போதுங்க" என்றார்.

"கைய எடுங்க" என்றேன்.

கையை எடுத்துவிட்டார், மச்சான். போட்டதை முழுக்கச் சாப்பிட்டார்.