பகல் தூக்கத்துக்கு ஓர் அறை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதறது. இங்க நானும் அம்மாவும் நல்லா இருக்கோம். அம்மாவுக்கு மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்கால் வலி எட்டிப் பார்க்குது, மத்தபடி குறை ஒண்ணும் இல்ல. நீயும் மாப்பிள்ளையும் அங்க உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருப்பீங்கன்னு நம்பறேன், இருந்தாலும் உன் கையெழுத்துல நாலு வரி பார்த்தாதான் அம்மாவுக்கு நிம்மதி, போன்ல பேசறதெல்லாம் கணக்குல வராதாம். போன வாரம் நீ பேசினப்ப அப்பா எங்கன்னு கேட்டதுக்கு, அவர் ஊரார் தூக்கத்துக்குக் காவல் இருக்கப் போயிருக்கார்னு அம்மா சொன்னாளாம், நீ விழுந்து விழுந்து சிரிச்சியாம். அவ சொன்னது அத்தனையும் நிஜம்தான். ஆனா போன்ல சொல்லி முடியிற விஷயம் இல்ல, அதனாலதான் சாவகாசமா உட்கார்ந்து எழுதறேன்.

ரொட்டி ஆலையில இருந்து ரிட்டயர் ஆன பிறகு என்னால சும்மா இருக்க முடியலைன்னு உனக்கே தெரியும். குழாய் ரிப்பேருக்கு வந்தவரை, இந்த வாஷரை எந்த ரப்பர்ல செய்யறாங்க, ஏன் கறுப்பா இருக்குன்னு கேட்டு அரை நாள் நிறுத்தி வெச்சிட்டேன். அம்மா எனக்கு விசாரணைக் கமிஷன்னு பேர் வெச்சதோட நிக்காம, நூலக வாசல்ல கொடுத்த ஒரு நோட்டீஸைக் கொண்டாந்து நீட்டினா. கேள்வி கேட்கறதையே வேலையா வெச்சிருக்கிற இடம் ஒண்ணு இருக்கு, அங்க போய்க் கேளுங்க, வீட்டுக்கு வர்றவங்களை விட்டுடுங்கன்னா. வீடு இல்லாம தெருவுல படுக்கிறவங்களுக்குத் தங்க இடம் கொடுக்கிற அமைப்பு அது. ஊர்ல அப்படி எத்தனை பேர், யார் யார்னு விசாரிச்சு எழுத ஆள் தேடிக்கிட்டிருந்தாங்க. நடத்தறவங்க ஒரு விளையாட்டு டீச்சர், அவங்களும் ரிட்டயர் ஆனவங்கதான், ஆனா கழுத்துல விசில் இன்னும் தொங்குது. பழைய தானியக் கிடங்கு ஒண்ணைப் பிடிச்சு, வெள்ளையடிச்சு, நாற்பது கட்டில் போட்டு, நடுவுல பலகைத் தடுப்பு வெச்சு, ஒரு பக்கம் ஆம்பளைங்க, ஒரு பக்கம் பொம்பளைங்கன்னு நல்ல ஒழுங்கா வெச்சிருக்காங்க. சாயங்காலம் ஏழுக்குத் திறப்பாங்க, காலையில ஏழுக்குப் பூட்டுவாங்க. எனக்கு நாலு பக்க படிவம் ஒரு கட்டும், கழுத்துல மாட்டிக்க ஒரு அட்டையும் கொடுத்தாங்க. நானும் பரீட்சைக்குப் போற மாதிரி ரெண்டு பேனாவோட கிளம்பினேன்.

டீச்சரோட பட்டியல்ல ஒரு வரி என் கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தது. சைக்கிள் கடை வாசல், பெண், ஐம்பது வயது இருக்கும், மூன்று முறை கூப்பிட்டும் மறுத்தார்னு போட்டு, பக்கத்துல பிடிவாதம்னு ஒரு வார்த்தை. மழைக்கு ஒதுங்க இடம் தர்றோம்னா ஒரு ஆள் ஏன் மூணு தரம் வேண்டாம்னு சொல்லணும்? நான் போனப்ப காலையில பத்து மணி இருக்கும். கடை மூடிக் கிடக்குது, இழுப்புக் கதவுக்கு முன்னால அட்டையை விரிச்சு அந்தம்மா நேரா படுத்திருக்காங்க. கண்ணு மேல கறுப்புத் துணியை நாலா மடிச்சுப் போட்டிருக்காங்க, காதுல பஞ்சு, தலைமாட்டுல ஒரு அலாரம் கடிகாரம். கதவுக் கொக்கியில நீலச் சட்டை ஒண்ணு பிளாஸ்டிக் உறைக்குள்ள தொங்குது, இஸ்திரி போட்டது, ஒரு சுருக்கம் கிடையாது. அமைப்புல இருந்து எனக்கு வழி காட்டக் கூட வந்தவர் பார்த்துட்டு, தூங்கறாங்க, அப்புறம் வரலாம்னு கிளம்பிட்டார். எனக்குக் கால் நகரல. தெருவுல படுக்கிறவங்க எதுக்கு அலாரம் வைக்கணும்? அந்தப் பஞ்சும் கறுப்புத் துணியும் வேற என்னை என்னவோ பண்ணிச்சு. முப்பத்தொரு வருஷம் நைட் ஷிப்ட் பார்த்தவன் நான், நம்ம வீட்ல அச்சு அசலா அப்படித்தான் படுத்தேன். எழுப்ப மனசு வரல. பகல் சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்கு ஓடிட்டுத் திரும்பி வந்து எதிர்ப் படியில உட்கார்ந்துட்டேன்.

நாலு மணிக்கு அலாரம் அடிச்சுது. எழுந்தாங்க, அட்டையை மடிச்சாங்க, என்னைப் பார்த்தாங்க, கழுத்துல தொங்கற அட்டையையும் பார்த்தாங்க. மறுபடியும் நீங்களான்னு ஒரு சலிப்பு முகத்துல. நான் படிவத்துல உள்ளபடியே, வேலை இல்லாமல் எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள்னு படிச்சேன். அந்தக் கேள்வியை அடிச்சிடுங்க, நான் வேலையில இருக்கேன்னாங்க. ஆஸ்பத்திரித் துணியெல்லாம் துவைக்கிற பெரிய லாண்டரியில, உருளை மெஷின்ல விரிப்பு இஸ்திரி போடற வேலை, பதினாலு வருஷமா. ராத்திரி எட்டுல இருந்து காலையில ஆறு வரைக்கும். அப்புறம் என்னைப் பார்த்து நிதானமா ஒண்ணு சொன்னாங்க. "உங்க இடத்தைத் திறக்கும்போது நான் வேலைக்குக் கிளம்பணும். நான் திரும்பி வரும்போது நீங்க பூட்டறீங்க. இதுல நான் எங்கங்க மறுத்தேன்?"

அந்தக் கேள்வியைப் பேனாவால அடிச்சேன். அப்புறம் படிவத்தை மூடி வெச்சிட்டுச் சும்மா பேசிக்கிட்டிருந்தோம். பன்னெண்டு வருஷம் ஒரு வீட்டோட பின்கட்டுல வாடகைக்கு இருந்திருக்காங்க. வீட்டை வித்துட்டாங்க, வாங்கினவர் இடிச்சிட்டார். அதுக்கப்புறம் ஏறி இறங்காத வாசல் இல்ல. எல்லாரும் ஒரே கேள்விதான், தனியா ஒரு பொம்பளை, பொழுது சாஞ்சு போய் விடிஞ்சு வர்றது என்ன வேலைன்னு. வேலை அட்டையைக் காட்டினாலும் பார்க்கிறவங்க ஏதாவது சொல்லுவாங்கன்னு கையை விரிச்சிட்டாங்க. வாசப்படிக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு. நடந்து போற ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் முழிப்பு வருமாம். அதுக்கு முந்தின வாரம் வேலையில கண்ணு சொக்கி, உருளைச் சூடு மணிக்கட்டுல பட்டிடுச்சு, கட்டு போட்டிருந்தாங்க. இன்னொரு தடவை தூங்கினா வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு மேற்பார்வையாளர் சொல்லியிருக்கார். இதுல அந்தச் சைக்கிள் கடையை வேற யாரோ எடுத்துட்டாங்க, அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி திறக்கறாங்க. வாசப்படியும் போகப் போகுது, தூக்கம் இல்லாட்டி வேலையும் போகப் போகுது. இதெல்லாம் நாலு பக்க படிவத்துல எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு எனக்குத் தெரியல.

மறுநாள் டீச்சர்கிட்ட, பகல்லயும் நாலு கட்டில் திறந்து வைக்கலாமேன்னு கேட்டேன். அவங்க கெட்டவங்க இல்ல, ஆனா கண்டிப்பு. பகல்லதான் சுத்தம் பண்றாங்க, பார்த்துக்க ஆள் கிடையாது, பகல்ல படுக்க விட்டா வேலை தேடறவங்களும் தேட மாட்டாங்கன்னு அடுக்கினாங்க. எனக்கு வாதாடத் தெரியாது, உனக்கே தெரியும், கேட்கத்தான் தெரியும். கட்டில் விரிப்போட ஓரத்துல சிவப்பு நூல்ல ஒரு தையல் அடையாளம் இருந்தது. அதே அடையாளத்தை அந்தம்மாவோட வேலைச் சட்டைக் காலர்ல பார்த்திருந்தேன். இந்த விரிப்பெல்லாம் எங்க துவைக்கக் கொடுக்கறீங்கன்னு கேட்டேன். டீச்சர் சொன்னாங்க. அதே லாண்டரி. இந்த நாற்பது விரிப்பையும் வாரா வாரம் இஸ்திரி போடறது நீங்க பிடிவாதம்னு எழுதி வெச்ச அம்மாதான்னு சொன்னேன். டீச்சர் ஒரு விரிப்போட ஓரத்தைத் தூக்கி அந்தத் தையலைப் பார்த்தாங்க. அப்புறம், ஒரு மாசம் பார்க்கலாம், ஆனா பகல் முழுக்க நீங்கதான் உட்காரணும்னாங்க.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா பிடிபிடின்னு பிடிச்சா. அத்தனை வருஷமும் பகல் முழுக்க இவர் தூக்கத்துக்கு நான் காவல் இருந்தேன், இப்ப இவர் ஊருக்குக் காவலான்னு கேட்டா. கேட்டுக்கிட்டே பெட்டியில இருந்து கறுப்புத் துணியை எடுத்து ரெண்டு மடிப்பா வெச்சுத் திரை தைக்க ஆரம்பிச்சிட்டா. ஒத்தை மடிப்புல வெளிச்சம் நிக்காது, அது எனக்கில்ல தெரியும்னா. நீ சின்னவளா இருந்தப்ப உன் பொம்மைகிட்ட, அப்பா தூங்கறார், கண்ணைக்கூடச் சத்தமா மூடாதேன்னு மிரட்டுவியாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா.

முதல் நாள் லாண்டரி அம்மா நம்பிக்கை இல்லாமத்தான் வந்தாங்க. யாரும் வந்து எழுப்ப மாட்டாங்களேன்னு ரெண்டு தரம் கேட்டுட்டுப் படுத்தாங்க. ஒரு வாரத்துக்குள்ள நாலு கட்டிலும் நிரம்பி மூணு பேர் காத்திருந்தாங்க. நாலு கட்டில்ல லாண்டரி அம்மா போக, ஆஸ்பத்திரியில ராத்திரி வார்டு வேலை பார்க்கிற ஒரு அம்மா, டிப்போவுல பஸ் கழுவறவர், ஒரு வாட்ச்மேன். மத்தவங்க கட்டிடத்துக்கு விடிய விடியக் காவல் இருந்துட்டு, தான் படுக்க ஒரு சுவர் இல்லாத ஆள் அவர். இவங்கள்ல முக்கால்வாசிப் பேர் பட்டியல்ல மறுத்தார்னு இருந்தவங்கதான். டீச்சர் பழைய படிவத்தையெல்லாம் எடுத்து வெச்சு, அந்த வார்த்தையைத் தானே சிவப்பு மையில ஒவ்வொண்ணா அடிச்சாங்க. நான் வாசல்ல நாற்காலி போட்டு, ஐஸ் வண்டிக்காரர்கிட்ட மணியை அந்தக் கோடியில போய் அடிங்கன்னு கெஞ்சிக்கிட்டு, யாரோட குறட்டை எதுன்னு திரைக்கு வெளியில இருந்தே சொல்ற அளவுக்குத் தேர்ந்துட்டேன்.

ஆனா கட்டில் வேற, வீடு வேற. டீச்சருக்கும் அது தெரியும். அமைப்போட பேர்ல வீட்டைப் பிடிச்சு, நாங்க பொறுப்புன்னு எழுதிக் கொடுத்து இவங்களைக் குடிவைக்கலாம்னு முடிவு பண்ணினாங்க. எனக்கு முதல்ல நினைவுக்கு வந்தது நம்ம படச் சட்டக் கடைக்காரர்தான். தினம் கேரம் ஆடற சிநேகிதம், கடை மாடியில அறை காலியா கிடக்கு. போய்க் கேட்டேன். அதே பாட்டைத்தான் அவரும் பாடினார், ராத்திரி போய் விடிஞ்சு வர்ற பொம்பளைன்னு. நானும் முப்பத்தொரு வருஷம் அப்படித்தானே போய் வந்தேன், என்னை ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டிருப்பாங்களான்னேன். அவர் கையில இருந்த சட்டத்தைப் பார்த்துக்கிட்டே, "நீ ஆம்பளைப்பா"ன்னார். எழுந்து வந்துட்டேன். பதினஞ்சு நாளாச்சு, கேரம் ஆடப் போகல. அவரே வருவார்னு அம்மா சொல்றா. வந்தா என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியல.

அதுக்குள்ள லாண்டரி அம்மாவும் அந்த வார்டு அம்மாவும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல பழகி, ரெண்டு பேரும் சேர்ந்தே இருக்கலாம்னு பேசி வெச்சிருந்தாங்க. நோட்டீஸும் பில் புத்தகமும் அடிக்கிற ஒரு அச்சகத்துக்கு மேல ரெண்டு அறை, சமையல் மேடையோட கிடைச்சது, நாலு பேருமா போய்ப் பார்த்தோம். ஒரு அம்மாதான் அச்சகத்துக்குச் சொந்தக்காரங்க. எங்க போறாங்க, எப்ப வர்றாங்கன்னு அவங்க ஒண்ணும் கேட்கல. ஆனா காலையில ஒன்பதுல இருந்து ஆறு வரைக்கும் மெஷின் ஓடும், தரை அதிரும், அதனாலதான் ரெண்டு வருஷமா யாரும் குடிவரலைன்னு ஒளிக்காம சொன்னாங்க. நானும் டீச்சரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். பகல்ல தூங்கறவங்களுக்குப் போய் அச்சு மெஷின் மேல ஒரு வீடா? வேற பார்க்கலாம்னு காதோட சொன்னேன். வார்டு அம்மா அசையல, ஆஸ்பத்திரி வராந்தாவுல கத்தலுக்கு நடுவுல தூங்கிப் பழகினவ நான்னுட்டாங்க. லாண்டரி அம்மா உள்ளங்கையைச் சுவர்ல வெச்சுக் கொஞ்ச நேரம் நின்னுட்டு, இதுவே போதும்னாங்க. வேற வழி இல்லாமச் சொல்றாங்கன்னு எனக்கு மனசுக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்தது. டீச்சர் கையெழுத்துப் போட்டாங்க. சைக்கிள் கடை திறக்கறதுக்கு முந்தின நாள் குடிபோனாங்க.

மூணாம் நாள் எனக்கு இருப்புக் கொள்ளல. டீச்சரைக் காவலுக்கு உட்கார வெச்சிட்டு, அம்மா தைச்ச திரை ஒண்ணைச் சாக்கா வெச்சுக்கிட்டு மத்தியானம் அங்க போனேன். மெஷின் போடற சத்தத்துல என் பல்லே ஆடுது. மேல ஜன்னல் மூடியிருக்கு. இதுல மனுஷர் எப்படித் தூங்கறது, பாவம் இப்படி ஒரு இடத்துல கொண்டாந்து தள்ளிட்டோமேன்னு கீழேயே நின்னேன். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்காக மெஷினை நிறுத்தினாங்க. தெருவே கப்சிப். மூணு நிமிஷம்கூட ஆகியிருக்காது, மேல ஜன்னல் படார்னு திறந்தது. லாண்டரி அம்மா கலைஞ்ச தலையோட எட்டிப் பார்த்து, "என்னங்க ஆச்சு, கரண்ட் போயிடுச்சா?"ன்னாங்க.

கீழ இறங்கி வந்து திரையை வாங்கிக்கிட்டுச் சொன்னாங்க, பதினாலு வருஷமா மெஷின் சத்தத்துலயே நின்னவங்களாம். சத்தம் ஓடிக்கிட்டிருந்தா எல்லாம் சரியா நடக்குதுன்னு அர்த்தம், நின்னாதான் என்னமோ ஏதோன்னு ஓடணும். மெஷின் ஓடற வரைக்கும் நம்மளை யாரும் எழுப்ப மாட்டாங்கன்னு உடம்புக்கே தெரியுதுங்க, எட்டு மாசத்துக்கப்புறம் கனவு வர்ற அளவுக்குத் தூங்கறேன்னாங்க. என்ன கனவுன்னு கேட்க வாய் வரைக்கும் வந்துட்டது, அடக்கிக்கிட்டேன். மணிக்கட்டுல கட்டு இல்ல, தோல் மூடியிருந்தது. மெஷினைத் திரும்பப் போட்டாங்க. அந்தம்மா கொட்டாவி விட்டுக்கிட்டே, வரேங்கன்னு மேல போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க.

வாட்ச்மேனுக்கும் பஸ் கழுவறவருக்கும் இன்னும் வீடு அமையல, தேடிக்கிட்டிருக்கோம். உங்க ஊர்ல ராத்திரி வேலைக்காரங்க எங்க தங்கறாங்க, அங்கயும் இப்படி இடம் நடத்தறவங்க இருக்காங்களா, எத்தனை மணிக்குத் திறக்கறாங்கன்னு விசாரிச்சு எழுது, டீச்சர் கேட்டாங்க. கேட்டது நான்தான், அவங்க பேரைச் சொல்றேன். அப்புறம், கடைவாய்ப் பல்லுக்கு டாக்டரைப் பார்க்கறேன்னு போன மாசமே சொன்னே, தள்ளிப் போடாதே. மாப்பிள்ளைக்கு எங்க அன்பைச் சொல்லு. நீங்க ரெண்டு பேரும் நீண்ட ஆயுசோட, நல்ல மனுஷங்க நடுவுல, மனசு நிறைஞ்சு வாழணும், அதுக்கு மேல எங்களுக்கு என்ன வேணும்.

ஒண்ணு மட்டும் மறக்காம எழுதும்மா. நீ வேலை பார்க்கிற லேப்ல உனக்கும் ஷிப்ட் மாறி மாறி வருது. நீ பேசும்போதெல்லாம் சாப்பிட்டியா, சாப்பிட்டியான்னுதான் இத்தனை வருஷமா கேட்கறோம். நீ எத்தனை மணிக்குத் தூங்கறே, அந்த அறையில வெளிச்சம் வருதா, யாராவது எழுப்பறாங்களா? இத்தனை கேள்வி கேட்கிற நான் இதை ஒரு நாளும் கேட்டதில்ல. ஜன்னல் அளவை எழுதி அனுப்பு, அம்மாகிட்ட இன்னும் துணி மிச்சம் இருக்கு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா