நீ "போதுங்க" என்று நிறுத்திய படம்

கண்ணுக்குள்ளேயே நிற்கிற என் அன்னம்மாவுக்கு,

நான் சொல்லச் சொல்ல, நீ பார்க்காத நம்ம மருமகள் எழுதுகிறாள். நாளைக்குக் கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்தி ஏற்ற வரும்போது சுற்றி ஊரே நிற்கும், எனக்கு வாய் வராது. அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் பெங்களூரிலிருந்து ஒரு தம்பி வந்தான். அந்தக் காலத்தில் காசு போட்டு ஆடின வீடியோ கேம் பெட்டிகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறவனாம். அவன் கொண்டுவந்ததைச் சரி பண்ணிக் கொடுத்தேன். போகும்போது மூலையில் இருக்கிற நம்ம பெட்டியைப் போட்டுப் பார்த்தான். "தாத்தா, நல்லா ஓடுதே! படம்தான் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. நேராக்கிக் கொடுங்க, நான் எடுத்துக்கறேன்" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை திரும்ப வருவான்.

மொரப்பூர் ஸ்டேஷன் பக்கம் நம்ம ரேடியோ கடை. எண்பதுகளில் தர்மபுரியில் வீடியோ கேம் கடை வந்ததும் அந்தப் பெட்டிகளும் நம்மகிட்டத்தான் வந்தன. போர்டு சொருகுகிற இடத்தில் களிம்பு பிடித்தால் பென்சில் ரப்பரால் தேய்ப்பேன். "பேரெழுதத் தெரியாத மனுசனுக்கு எதுக்குங்க இத்தனை ரப்பர்? எதை அழிக்கப் போறீங்க?" என்று சிரிப்பாய்.

நான் பெட்டிக்குப் பின்னால் உட்காருவேன், ஒரு கையை முதுகில் கட்டிக்கொண்டு. ரெண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும். பின்னாலிருந்து படம் தெரியாது. முன்னால் நீ நிற்பாய். உன் வலது எனக்கு இடது. அது பழகுகிற வரைக்கும் எத்தனை சண்டை!

"படம் மேலயும் கீழயும் ஓடுதுங்க... ஓடுதுங்க... நின்னுடுச்சு. கொஞ்சம் திருப்புங்க... ஐயோ, வத்தல்மலை ஏறுது, எறக்குங்க... போதுங்க."

நீ போதுங்க என்றால் போதும். நான் முன்னால் வந்து பார்க்கவே மாட்டேன். திருகாணியை முடுக்கிவிடுவேன்.

கடைசி வருஷம் தலைவலி, தலைவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டே நின்றாய். அப்போதுதான் கேம் கடைக்காரர் வந்து கத்தினார். "சவரி, என்னய்யா வேலை இது? பசங்க கழுத்தைச் சாய்ச்சுக்கிட்டு ஆடுறானுங்க!" நான் உன்னைப் பார்த்தேன். நீ அவர் நின்ற பக்கம் பார்க்காமல் வெறும் சுவரைப் பார்த்து, "நல்லாத்தானே இருந்துச்சு" என்றாய்.

அவர் போனதும் கேட்டேன். "கண்ணு எப்ப இருந்து தெரியல?"

"மாதா கோயில் தேருக்கு முன்னாடியே மங்கிடுச்சுங்க."

"அப்பறம் படம் நின்னுடுச்சுன்னு எப்படிச் சொன்ன?"

"ஓடும்போது பெட்டி ஒரு மாதிரி கீச்சுன்னு கத்தும். நின்னா சத்தம் மாறும். அதை வெச்சுத்தாங்க. சாயறதுக்குத்தான் சத்தமே இல்லை."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, முன்னாடி வேற ஆளை நிறுத்திடுவீங்க."



சேலம் ஆஸ்பத்திரிக்கு ரயிலேற வேண்டிய அன்று காலை, பை எல்லாம் கட்டியாகிவிட்டது. "நம்ம பெட்டி ஒண்ணு கெடக்குதுல்ல, போடுங்க. நான் நிக்கிறேன்" என்றாய். தெரிந்தேதான் பின்னால் உட்கார்ந்தேன். நீ ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கேட்டாய். சத்தம் மாறியது, படம் நின்றது. அப்புறம் படக்குழாய் கழுத்தில் இருக்கிற செம்புச் சுருளைத் திருப்பச் சொன்னாய். அதைத் திருப்பினால்தானே படம் நேராகும்? "இன்னும்... இன்னும் கொஞ்சம்... போதுங்க."

எதைப் பார்த்துச் சொன்னாய், அன்னம்மா?

நான் திருகாணியை முடுக்கினேன். முன்னால் வந்து பார்க்கவில்லை. தலைக்குள் கட்டி என்றார்கள். உன்னை வேனில் கொண்டுவந்து அடக்கம் பண்ணின பிறகுதான் பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். நீ தலையைச் சாய்த்து நின்றாயே, படமும் அதே பக்கம் சாய்ந்திருந்தது.

இப்போது முன்னால் ஒரு கண்ணாடியை நிறுத்தி வேலை செய்கிறேன். அதில் எழுத்தெல்லாம் திரும்பித் தெரியும். எனக்கென்ன, நேராக இருந்தாலும் படிக்கத் தெரியாது. ஆனால் கண்ணாடி போதும் என்று சொல்லாது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் திருப்பிக்கொண்டே இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பியிடம் சொல்லிவிடுவேன். எந்தப் பெட்டியானாலும் கொண்டு வா, நேராக்கித் தருகிறேன். இது மட்டும் கிடையாது. எனக்குப் பிறகும் அந்தச் சுருளில் யாரும் கை வைக்கக் கூடாது என்று மகனிடமும் சொல்லிவிட்டேன். கண்ணாடியைத்தான் நிறுத்தினேன். உன் இடத்தில் வேறு ஆளை நிறுத்தவில்லை, அன்னம்மா. நிறுத்தவும் மாட்டேன்.

பெட்டிக்குப் பின்னால் இன்னும் உட்கார்ந்திருக்கிற
உன் வூட்டுக்காரன்,
சவரிமுத்து