வாப்பாவின் எக்ஸ்ரே படம்

மூதூர்
12.03.1979

அன்பு மகன் ஸுஹைருக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் சுகம், அந்தக் குவைத் வெயிலிலும் உங்களுக்குச் சுகத்தைத் தரும்படி ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அனுப்பிய போட்டோ கிடைத்தது. அதைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது, வாப்பாவின் கதையைச் சொல்லிவிட்டுக் கேட்கிறேன்.

வாப்பாவுக்குக் காய்ச்சல் என்றுதான் போன கடிதத்தில் எழுதினேன், அவர் அப்படித்தான் எழுதச் சொன்னார். உண்மையில் அது பவுத்திரம். மலவாசலுக்குப் பக்கத்தில் கட்டி வந்து உடைந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது, மனிதர் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. லாஞ்சில் உட்காராமல் நின்றபடியே சுக்கான் பிடித்துத் திருகோணமலைக்குப் போய்வந்தார், கேட்டால் கடல் சரியில்லை என்றார். சீழ் வடிந்து, தொழுகைக்குக் கைகால் கழுவி எடுத்த உளூ முறிந்துவிடும் என்று பயந்து, பள்ளிவாசலில் முன்வரிசையை விடாதவர் வீட்டிலேயே தொழத் தொடங்கினார். தன் சாரனைத் தானே கழுவிக் காயப்போட்டதைக் கண்டுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. பக்கத்து வீட்டு றுக்கியா வேறு, சாரன் கழுவுற ஆம்பிளைக்கு எங்கயோ இன்னொரு வீடு இருக்கும், கவனம் என்றாள். அன்று நான் போட்ட சண்டையில்தான் சாரனில் இருந்த கறையைக் காட்டினார். கோபமெல்லாம் போய் எனக்கு அழுகை வந்துவிட்டது.

திருகோணமலையில் ஒரு டாக்டர் கட்டியைக் கீறிவிட்டார், ஆறியது போல இருந்து மறுபடி அதே இடத்தில் வீங்கியது. உள்ளே வழி எப்படிப் போகிறதென்று தெரியாமல் இனி வெட்ட ஏலாது என்று அவரே கண்டிக்கு அனுப்பினார். அங்கே அந்தத் துவாரத்துக்குள் மெல்லிய குழாயை வைத்து மருந்தை ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். எடுத்தவர் கமலாதேவி என்று ஒரு பெண் டாக்டர், வாப்பா வெட்கத்தில் சுவரைப் பார்த்தபடியே கிடந்தாராம். அந்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்கும் காட்டினார். மருந்து போன வழியெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது, ஒன்று நேராகவும் இன்னொன்று வளைந்து ஆழமாகவும் போயிருந்தது. அந்த ஆழத்தில்தான் சீழ் தங்கி நின்றதாம், மேலால் எத்தனை தரம் கீறினாலும் திரும்ப வருமாம். ஆழம் தெரியாம ஒரு நாளும் லாஞ்சு விட்டதில்ல, என்ட உடம்ப மட்டும் அப்பிடி விட்டுட்டன் என்றார் வாப்பா. பிறகு ஒப்பரேசன் நடந்து இப்போது புண் ஆறி வருகிறது. காலையில் வெந்நீரில் உப்புப் போட்டு உட்காருவார், தண்ணீர் கொஞ்சம் ஆறிப்போனாலும் எனக்குத்தான் ஏச்சு. போன வெள்ளிக்கிழமை முன்வரிசையில் போய் நின்றாராம். இப்படியான நோயாளி ஒவ்வொரு தொழுகைக்கும் புதிதாக உளூ எடுத்தால் போதும் என்று பள்ளிவாசல் லெப்பை சொன்னார், முன்பே கேட்டிருந்தால்தானே.

இனி என் கேள்வி. போட்டோவில் கூட்டாளிமார் எல்லோரும் பாயில் சம்மணமிட்டு இருக்க, நீங்கள் மட்டும் கையை ஊன்றி ஒரு தொடையில் சாய்ந்திருக்கிறீர்கள். லொறி ஓட்டத்தை விட்டு, நின்றபடி செய்கிற வேலையைக் கேட்டு வாங்கியதாகவும் எழுதியிருந்தீர்கள். அங்கே உங்கள் சாரனை நீங்கள்தானே கழுவுகிறீர்கள், கறை இருந்தாலும் எனக்கு எப்படித் தெரியும்? போட்டோவை வாப்பாவிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்திருந்தவர், ஒருவரும் தொடக்கூடாதென்று அலுமாரியில் பூட்டி வைத்திருந்த எக்ஸ்ரே படத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். வாய் திறந்து சொல்ல வெட்கமாயிருந்தா இதை டாக்டரிட்டக் காட்டட்டும், வாப்பாட படம் எண்டு சொல்லட்டும் என்றார்.

அடுத்த கிழமை நம் ஊர் அன்ஸார் குவைத்துக்கு வருகிறார், அந்தப் படம் அவர் கையில் வரும். அல்லாஹ் உங்களைக் காப்பாற்றுவான் மகன், நீங்களும் உங்களை மறைக்காமல் இருங்கள். படத்தை மடிக்க வேண்டாம்.

உங்களையே நினைத்திருக்கும் உம்மா,
ஸாலிஹா முத்தலிப்