பாதிப் பொட்டலம்

விருத்தாசலம்
6.8.2007

அன்புத் தம்பி கொளஞ்சிநாதனுக்கு,

அக்கா சிவசங்கரி எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ வந்து உண்ணிக் காய்ச்சலுக்கு ஊசி போட்டுவிட்டுப் போனதிலிருந்து செவலை மாடு எழுந்து நிற்கவே இல்லை. கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே, எங்கள் பீங்கான் கம்பெனியில் சூளைக்குப் போகாத கோப்பை மாதிரி வெளுத்திருக்கிறது. கன்று போய் முட்டினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.

உன்மேல் எனக்கு வருத்தம்தான். எதிர்வீட்டு வாசுகியின் மாட்டுக்கு ஊசியும் போட்டு, பதினைந்து சத்துப் பொட்டலமும் கொடுத்தாய். கூடப் பிறந்தவள் மாட்டுக்கு வெறும் ஊசி. உன் மாமா இதையே சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறார். நான் உனக்கு என்ன குறை வைத்தேன்?

அக்கா
சிவசங்கரி

நாமக்கல்
9.8.2007

அன்புள்ள அக்காவுக்கு,

நான் பாரபட்சம் பார்க்கவில்லை. ஆராய்ச்சிக்கு எடுத்த பன்னிரண்டு மாட்டையும் சீட்டுக் குலுக்கித்தான் பிரித்தேன். ஆறுக்கு ஊசி மட்டும், ஆறுக்கு ஊசியோடு பொட்டலம். செவலைக்கு ஊசி மட்டும் என்று வந்தது. மறுபடி குலுக்கலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் நானே மாற்றினால் அது ஆராய்ச்சி இல்லை.

கிருமியைக் கொல்வது ஊசிதான். பொட்டலத்தில் இருப்பது வைட்டமின் ஈயும் செலினியமும். நோயில் ரத்த அணுக்கள் அழியாமல் அது காக்கும் என்று நினைக்கிறோம், நிச்சயமில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பாடு. என் பட்டமே இதில் இருக்கிறது. நீயாக எதுவும் கொடுத்துவிடாதே. அடுத்த வெள்ளிக்கிழமை ரத்தம் எடுக்க வருகிறேன்.

தம்பி
கொளஞ்சிநாதன்

விருத்தாசலம்
20.8.2007

தம்பிக்கு,

வெள்ளிக்கிழமை ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "பொட்டலம் இல்லாமலே ரத்தம் ஏறியிருக்குது பாருக்கா" என்று சொல்லி நோட்டில் எழுதினாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் கடிதம் வருவதற்கு முன்பே வாசுகி வந்துவிட்டாள். "எம் மாடு தேறி ஒம் மாடு போயிட்டா, ஒன் மொவத்துல எப்புடி முழிப்பேன்?" என்றாள். தினமும் தன் பொட்டலத்தில் பாதியைத் தவிட்டில் கலந்து செவலைக்கு வைத்தாள். உன் கடிதம் வந்த பிறகும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளைத் திட்டாதே, தப்பு என்னுடையது.

செவலை எழுந்து நிற்கிறது, தீவனம்தான் இன்னும் எடுக்கவில்லை. பொட்டலமும் தீர்ந்துவிட்டது. ரெண்டு மாட்டுக்கும் பாதிதான் போயிருக்கிறது, ரெண்டையும் நானே கெடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. கோபமாக இருந்தாலும் ஒரு வரி எழுது.

அக்கா

நாமக்கல்
27.8.2007

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். கோபம் இன்னும் போகவில்லை. பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். உன் மாடு, வாசுகி மாடு ரெண்டையும் கணக்கிலிருந்து எடுத்தாகிவிட்டது. மிச்சம் பத்து போதாது. திட்டக்குடி பக்கம் முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஒரு வருஷம் போய்விடும். அங்கே நமக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை என்று விசாரித்துக்கொண்டேன்.

செவலை இனி ஆராய்ச்சி மாடு இல்லை. பார்சலில் முப்பது பொட்டலம் இருக்கிறது. உனக்குப் பதினைந்து, வாசுகிக்குப் பதினைந்து. இது கேட்குமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இருந்தாலும் முழுசாகப் போடு.

தம்பி