ஐந்து ஆண்டுகளுக்குள்

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

ஏழு வருடம் உன்னைப் பல்கலைக்கழகத்தில் தற்காலிகமாகவே வைத்து வேலை வாங்கிவிட்டு, நிரந்தர இடம் வந்ததும் "ஆய்வுப் பட்டம் பெற்று ஐந்து ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும்" என்று விளம்பரம் போட்டிருக்கிறார்கள். நீ பட்டம் வாங்கியே ஏழு வருடம் ஆகிறது. இது அநியாயம். என் மோட்டார் பட்டறையில் ஏழு வருடம் செம்புக் கம்பிக் காயில் சுற்றியவனிடம்தான் எரிந்துபோன மோட்டாரை நம்பிக் கொடுப்பேன். போனில் கேட்டால் "சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். உன் துறைத் தலைவருக்கும் எழுதப்போகிறேன்.

அப்பா

மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

அந்த விளம்பரத்தைத் தட்டச்சு செய்ததே நான்தான். துறையின் எழுத்து வேலை எல்லாம் தற்காலிக ஆட்கள் தலையில்தான். அந்த வரியில் கை நின்றது. தலைவரிடம் கேட்டேன். "உள்ள இருக்கிறவங்களுக்கு அதெல்லாம் பார்க்க மாட்டாங்கம்மா" என்றார். நம்பினேன். அந்த வரியைக் காட்டியே என் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள்.

இனி இந்தத் தற்காலிக வேலைக்கு ஆறு மாத நீட்டிப்பு ஒன்றுதான் மிச்சம். அதற்கும் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். தயவுசெய்து எழுதாதீர்கள்.

அன்பு மகள்

மார்ச் 17

அப்பா,

என் கடிதம் வந்து சேருமுன்பே நீங்கள் அனுப்பிவிட்டீர்கள். தலைவர் அதை என் முன்னால் வைத்து, "உங்கப்பா நல்லாவே எழுதுறார்மா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நீட்டிப்புக் கோப்பும் கூடவே திரும்பி வந்தது. கையெழுத்து இல்லை. இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை என் மேசையைக் காலி செய்ய வேண்டும்.

ஊருக்கு வருவேனா, தெரியவில்லை. கொஞ்ச நாள் எனக்கும் எழுத வேண்டாம்.

மகள்

மார்ச் 21

மகளுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். நான் அனுப்பியதில் ஒரு வரியும் பொய்யில்லை. அது உன் தலையில் விழும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி நடக்க வேண்டியது இது. துறைத் தலைவர் விளம்பரத்திலிருந்து அந்த ஐந்தாண்டு வரியை நீக்க வேண்டும். நீக்க மாட்டார், ஆனாலும் நீக்க வேண்டியவர் அவர்தான். ஏழு வருடம் நீ செய்த வேலைக்குப் பல்கலைக்கழகம் முத்திரை வைத்துச் சான்று தர வேண்டும். உன்னிடம் இருக்கும் ஆய்வகச் சாவியை நீயே நேரில் ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொள். உன் அம்மா உன்னிடம் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக்கூடாது, சொல்லிவிட்டேன். நீ மேசையைக் காலி செய்த மறுநாள், சனிக்கிழமை காலை, நான் இங்கே ரயில் நிலையத்தில் நிற்க வேண்டும். நீ இறங்காவிட்டால், ஞாயிற்றுக்கிழமையும்.

அப்பா